கண்ணை மூடிக் கை தூக்கியவர்கள்

கண்ணாடிக்காரருக்குப் பேச்சு வந்ததே தாமதமாகத்தான். அவர் வயதுப் பிள்ளைகள் வாயாடிக்கொண்டு திரிந்த காலத்தில் அவர் விரலை நீட்டியே எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொண்டிருந்தாராம். என்ன கேட்கிறார் என்று பெற்றவளுக்கே விளங்காது. அக்காவுக்கு மட்டும் விளங்கும். "அவனுக்குத் தண்ணி வேணுமாம்", "அவனுக்கு இந்தச் சட்டை வேண்டாமாம்" என்று அவள்தான் தம்பிக்கு வாயாக இருந்தாள். பிறகு ஒருவழியாகப் பேச்சு வந்தது. வந்தாலும், தேவைக்கு மேல் வரவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தவருக்கு அது ஒரு குறையாகவும் இல்லை. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வில்லையை மாட்டி, அதை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். பலரும் எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அவர் முகம் கோணாமல் திரும்பவும் மாட்டுவார், திரும்பவும் கேட்பார். கண்ணுக்கு உண்மையிலேயே எது தெளிவோ அதை அவர்கள் வாயால் சொல்லும்வரை அவருக்கு அவசரமே கிடையாது. வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசுவது, வம்பளப்பது, கோபித்துக்கொண்டு போனவரைத் திரும்பக் கூப்பிடுவது எல்லாம் அவர் மனைவியின் துறை.

அவர் சபையில் ஒரு சமயம் பெரிய தகராறு வந்தது. ஆராதனையைக் காலையில் வைப்பதா மாலையில் வைப்பதா என்று ஆரம்பித்து, யாருடைய தாத்தா இந்த ஆலயத்தைக் கட்டினார் என்பதில் போய் நின்றது. இரண்டு கட்சிக்காரர்களும் கண்ணாடிக்காரரிடம் வந்து கொட்டினார்கள். அவர் இரண்டு பேர் சொன்னதையும் முழுக்கக் கேட்டார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் போட்டுக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டே ஆட்களின் சூடு தணிந்தது. கடைசியில் அவர்களே உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சேதி பேராயர் அலுவலகம் வரைக்கும் போனது. இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று அவரைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். தள்ளாடும் சபைகளுக்குப் போய், அவர்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே யோசித்து, ஜெபித்து, ஒரு முடிவுக்கு வரத் துணை நிற்பதுதான் வேலை. சம்பளம் கிடையாது, டீ கிடைக்கும்.

"பேசாம உட்கார்ந்திருக்கிறதுக்கு இவரை ஊர் ஊரா கூப்பிடறாங்க. அதையேதான் வீட்டுலயும் செய்யறார். இங்க மட்டும் திட்டு வாங்கறார்" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வேலையில் அவருக்கு நல்ல பேர் இருந்தது. கல்குவாரி ஒன்று மூடப்பட்டதால் ஆளில்லாமல் போன ஒரு சபை, அவர் போய் உட்கார்ந்த பிறகு, நாம் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தானாகவே முடிவெடுத்தது. கடைசி ஆராதனையில் எல்லோரும் அழுதார்கள். ஆனால் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். ஒரு சபை நல்லபடியாக முடியவும் முடியும் என்பதை அன்றைக்கு அவர் கண்ணால் பார்த்தார்.

பிறகு அக்காவின் சபை வந்தது.

பஸ் டிப்போவுக்குப் பின்னால், டயர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் அந்த ஆலயம் இருந்தது. ஜெபம் நடக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பஸ்களைக் கிளப்பி உறுமவிடுவார்கள். போதகர் நிறுத்தி, உறுமல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். கூரையில் ஓர் ஓரம் ஒழுகும். பெரிய கூடத்தில் மடக்கு நாற்காலிகளைப் பாதிக்குக்கூடப் போடுவதில்லை. போட்டதிலும் பாதி காலி. பிள்ளைகுட்டிக்காரர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அங்கே பெரிய ஆலயம் ஒன்று இருந்தது. இங்கே மிஞ்சியவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். தனியாகவே தொடர்வதா, பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சபையோடு சேர்ந்துவிடுவதா, இதுதான் கேள்வி. நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்று பேராயர் அலுவலகம் சொல்லிவிட்டது. அதில் கபடம் ஒன்றும் இல்லை. எந்த முடிவு வந்தாலும் ஏற்றுக்கொள்வதாகத்தான் சொன்னார்கள்.

சொந்த அக்கா இருக்கும் சபைக்கு நான் போவது சரியா என்று கண்ணாடிக்காரர் தயங்கினார். வேறு ஆள் இல்லை, நீங்கள் யார் பக்கமும் சாயமாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும் என்றார்கள்.

முதல் கூட்டத்தில் அவர் எப்போதும் சொல்வதைச் சொன்னார். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவேன், நீங்கள் மனம்விட்டுப் பேசலாம், அங்கே கேட்டது அங்கேயே நிற்கும், உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு வார்த்தை வெளியே போகாது, இது கடவுள் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு. அக்கா முன்வரிசையிலிருந்து, "எங்க வீட்டு ரகசியமெல்லாம் உனக்கு ஏற்கனவே தெரியுமேடா" என்றாள். கூடமே சிரித்தது. அக்கா அப்படித்தான். வாட்டசாட்டமான உடம்பு, கணீரென்ற குரல். கணவர் போன பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. வாசலில் நின்று வருகிறவர்களைக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பவள் அவள்தான். ஆலயத்தின் தூண் எது என்று கேட்டால் சபையார் கல்தூணைக் காட்டமாட்டார்கள், அவளைத்தான் காட்டுவார்கள்.

முதலில் தையல்காரரைப் பார்க்கப் போனார். அகலம் குறைந்த கடை; சன்னலை ஒட்டி மெஷின், சாக்குக் கட்டியால் கோடு போட்டுப் பாதியில் நிற்கும் துணிகள், கழுத்தில் தொங்கும் டேப். மனைவி இறந்தபிறகு கடையே வீடு. ஆலயத்தின் கேட்டைத் திறப்பது, நாற்காலி போடுவது, மழை வந்தால் ஒழுகுமிடத்தில் வாளி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் மெஷினை நிறுத்தினார். ஆனால் கை மட்டும் துணியைத் தடவிக்கொண்டே இருந்தது.

"தம்பி, உண்மையைச் சொல்லிடறேன். என்னால முடியல. நாற்காலியைத் தூக்கினா நெஞ்சை அடைக்குது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய், கடைசி வரிசையில உட்கார்ந்து, யாரோ பாட நான் கேட்டுட்டு வரணும். அவ்வளவுதான் ஆசை."

இதைக் கூட்டத்தில் சொல்லலாமே என்றார் கண்ணாடிக்காரர்.

"உங்க அக்காவை வச்சுக்கிட்டா? அவங்க உயிரே அந்தக் கட்டடத்துலதான் இருக்கு. நான் போறேன்னு சொன்னா அன்னைக்கே ஒடிஞ்சு போயிடுவாங்க. இது உங்களோட இருக்கட்டும்."

அடுத்து டைப் டீச்சர். ஒரு காலத்தில் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர். மெஷின்கள் வரிசையாக இருந்த அறையில் இப்போது ஒன்றுதான் உறை போட்டு மூடிக் கிடந்தது. ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பது அவர்தான். ஞாயிறு காலையில் வெந்நீரில் கையை ஊறவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டுதான் கிளம்புவாராம். மூட்டுகள் புடைத்து நின்றன.

"பாட்டு நடுவுல தப்பு விழுது. முன்னாடியெல்லாம் தப்பு விழுந்தா திரும்பிப் பார்ப்பாங்க. இப்ப யாரும் திரும்பறதே இல்ல, எனக்காகப் பொறுத்துக்கறாங்க. அதுதான் ரொம்ப வலிக்குது" என்றார் டீச்சர். நிறுத்திவிட்டால் அக்கடா என்று இருக்கலாம் என்று அவருக்கும் ஆசைதான். ஆனால் தையல்காரர் ஒவ்வொரு வாரமும் ஆர்கன் பக்கத்தில் வந்து நின்று, இன்றைக்கும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த மனிதருக்கு வேறு என்ன இருக்கிறது? அதைப் பிடுங்கிய பாவம் தனக்கு வேண்டாம் என்றார். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று வாசல்வரை வந்து இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார்.

அக்காவை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அவள் சமையலறைத் தொட்டியில் ஆலயத்தின் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாதமும் வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவித் துடைத்துத் திரும்ப எடுத்துப்போவது வழக்கம். அவருக்கு டீயைக் கொடுத்துவிட்டு, வாய் ஓயாமல் அவர் மனைவியைப் பற்றி, கடையைப் பற்றி, டயர் கடைக்காரன் தெருவை அடைத்துக்கொண்டு டயர் அடுக்குவதைப் பற்றி எல்லாம் பேசினாள். பிறகு குழாயை மூடினாள்.

"எனக்கு முடியலடா" என்றாள்.

அந்த வார்த்தையை அக்கா வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. கணவரைப் புதைத்த அன்றைக்குக்கூட அவள் அப்படிச் சொல்லவில்லை.

"வாசல்ல நின்னு சிரிக்கிறேன் பாரு, யாரு வரலன்னு மனசுக்குள்ள தேடிக்கிட்டேதான் சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்து கட்டில்ல விழுந்தா எழுந்திருக்க முடியல. பாலத்தைத் தாண்டிப் போயிட்டா, யாராவது என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவாங்கல்ல?"

"நீ இதைச் சபையில சொல்லணும்க்கா."

"நான் வாயைத் திறந்தா அது யோசனை இல்லடா, உத்தரவு. அந்தத் தையல்காரருக்கு வேற யாரு இருக்கா? டீச்சருக்கு ஆர்கனை விட்டா என்ன இருக்கு? அவங்க ரெண்டு பேரையும் தெருவுல இறக்கி விட்டுட்டு நான் ஓய்வு எடுக்கவா?" அவள் கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். "வாக்கு கொடுத்திருக்க. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அவர் டீ ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது முதலில் அவருக்கு மனசு லேசாகிப் பறந்தது. மூன்று பேருக்கும் ஒரே ஆசை! மற்ற குடும்பங்களோ, அக்கா என்ன சொன்னாலும் சரி என்கிறார்கள். இதைவிடச் சுலபமான சபை அவருக்கு வாய்த்ததே இல்லை. பாலத்தின் நடுவுக்கு வந்தபோதுதான் விஷயம் உறைத்தது. ஒவ்வொருவரும் மற்றவருக்காகத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். தாங்க வேண்டியதில்லை என்பது ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரோ தன் வாயைத் தானே பூட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். மூன்று பேரிடமும் திரும்பப் போய், நீங்கள் சொன்னதை நான் இன்னும் ஒரே ஓர் ஆளிடம் சொல்ல அனுமதி கொடுங்கள் என்று கெஞ்சினார். தையல்காரர் டேப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முடியாது என்று தலையை ஆட்டினார். டீச்சர் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கோபப்பட்டாள், உன்னைத் தம்பி என்று நம்பிச் சொன்னேன், கூட்டம் நடத்துகிறவன் என்று நினைத்துச் சொல்லவில்லை என்றாள். நீங்கள் நினைப்பதுபோல் மற்றவர்கள் இல்லை என்று ஜாடையாகச் சொன்னால்கூட வாக்கு உடைந்துவிடும். ஒருவரைப் பற்றிச் சொன்னால் மூவரையும் பற்றிச் சொன்னதாகிவிடும்.

போதகரிடம் போனார். இளவயதுக்காரர், மூன்று சபைகளுக்கு ஒரே ஆள், மோட்டார் சைக்கிளிலேயே பாதி வாழ்க்கையை ஓட்டுகிறவர். நீங்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று கேட்டார். "அண்ணா, நான் சேர்ந்துடலாம்னு சொன்னா, வேலையைக் குறைச்சுக்கப் பார்க்கிறேன்னு நினைப்பாங்க. எதுவா இருந்தாலும் அவங்களே சொல்லட்டும்" என்றார் போதகர். அதிலும் நியாயம் இருந்தது.

பேராயர் அலுவலகத்துக்குப் போய் என்னை மாற்றிவிடுங்கள் என்றார். அங்கே பொறுப்பிலிருந்த அம்மையார், அக்காவோடு ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டார். இல்லை. யாராவது மிரட்டினார்களா? இல்லை. பிறகு என்ன காரணம்? காரணத்தை எப்படிச் சொல்வது? பாதியில் விட்டுப் போனால் அந்தச் சபை கலங்கிப்போகும், எப்படியாவது முடித்துக்கொடுங்கள் என்று அந்த அம்மையார் அன்பாகத்தான் சொன்னார்.

மனைவி விஷயம் தெரியாமலே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரம், பிரேம் துடைத்துக்கொண்டிருந்தவள், நீங்கள் எதையோ தொண்டைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறீர்கள், ஒன்று துப்புங்கள், இல்லை முழுங்குங்கள் என்றாள். துப்ப முடியாது என்றார் அவர். "அப்ப அந்த வாக்கை எதுக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள். வாக்குக் கொடுத்ததனால்தான் அவர்கள் பேசினார்கள், இல்லாவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே அது எவ்வளவு பெரிய கோளாறு என்று புரிந்தது. மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் மூடி வைத்தார்.

அடுத்த கூட்டத்தில், இன்றைக்கு ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மட்டுமே பேச வேண்டும், மற்றவரைப் பற்றி ஒரு சொல்கூடக் கூடாது என்று விதி வைத்தார். டீச்சர் எழுந்து, என்னைப் பற்றி என்ன இருக்கிறது, நம் தையல்காரர் அண்ணன் மாதிரி ஆட்கள் இருக்கிற சபை இது என்று தொடங்கினார். உங்களைப் பற்றி டீச்சர், என்றார் கண்ணாடிக்காரர். எனக்கு ஒன்றும் குறையில்லை என்று சொல்லி டீச்சர் உட்கார்ந்துவிட்டார். தையல்காரர் எழுந்தார். மூச்சை இழுத்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். தையல்காரர் முன்வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்தார். அவர் சொல்லப்போவது என்னவானாலும் ஊக்கப்படுத்துவதற்காக அக்கா சிரித்தாள். "எனக்கும் குறை ஒண்ணும் இல்லீங்க" என்று அவரும் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் கிளம்பி உறுமியது.

முடிவெடுக்கும் ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அமைதியாக ஜெபியுங்கள், பிறகு நான் கேட்கும்போது கை தூக்குங்கள். யார் தூக்கினார்கள் என்பது எனக்கு மட்டுமே தெரியும், நானும் சொல்லமாட்டேன். சபையாருக்கு அது பிடித்திருந்தது. போதகரும் கண்ணை மூடிக்கொண்டார்.

கூடத்தில் கண் திறந்திருந்தவர் அவர் ஒருவர்தான். தலை குனிந்த அத்தனை முகங்களையும் பார்த்தார். களைத்த முகங்கள். டீச்சர் ஒரு கையால் இன்னொரு கையின் விரல்களை நீவிக்கொண்டிருந்தார். ஆண்டவரே, இவர்கள் காதையும் கொஞ்ச நேரம் மூடும் என்று அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். ஏனென்றால் அந்த மடக்கு நாற்காலிகள் அசைந்தால் கிறீச்சிடும் என்பது அவருக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சபையோடு சேரணும்னு நினைக்கிறவங்க" என்றார்.

நிசப்தம். தையல்காரரின் வலது கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. பக்கத்தில் எந்த நாற்காலியும் கிறீச்சிடவில்லை. கை திரும்ப மடியில் இறங்கியது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் காத்திருந்தார். கடையில் வில்லையை மாட்டிவிட்டு நிற்பதைவிட அதிகமாகவே காத்திருந்தார். யாரோ இருமினார்கள்.

"இங்கேயே தொடரணும்னு நினைக்கிறவங்க."

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. உடனே அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாகச் சத்தம் முன்னால் வந்தது, கைகள் எழுந்தன. டீச்சரின் வளைந்த விரல்கள் எழுந்தன. தையல்காரரின் கை எழுந்தது. கடைசியாக, தன்னைச் சுற்றி எல்லா நாற்காலியும் அசைந்து அடங்கியதைக் கேட்டுவிட்டு, அக்காவின் கை மெல்ல மேலே போனது. பாரம் தூக்குகிற மாதிரி தூக்கினாள்.

கண்ணைத் திறக்கச் சொல்லவே அவருக்கு மனம் வரவில்லை. போதகர்தான், "முடிஞ்சுதா அண்ணா?" என்று கேட்டார். எல்லோரும் தொடரச் சொல்கிறார்கள் என்று அவர் சொன்னதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். தங்கள் அன்பு வீண்போகவில்லை என்ற சந்தோஷம் அதில் நிஜமாகவே இருந்தது. அதுதான் அவரை இன்னும் வாட்டியது. சந்தோஷம் வந்தால் கூடவே வாக்குறுதியும் வருமே! டிப்போ ஊழியர்களின் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுப்போம் என்றார் ஒருவர். வாரத்தின் நடுவிலும் ஒரு ஜெபக்கூட்டம் வைப்போம், நான் வாசிக்கிறேன் என்றார் டீச்சர். அப்படியானால் அன்றைக்கும் நான் கேட்டைத் திறக்கிறேன் என்றார் தையல்காரர். எல்லோருக்கும் நான் டீ போடுகிறேன் என்றாள் அக்கா. களைத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து இன்னும் கொஞ்சம் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரரின் வேலை அதோடு முடிந்தது. ஒருமனமான தீர்மானம் என்று பேராயரே பாராட்டினார்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் தையல்காரர் விழுந்தார். வாரத்தின் நடுவில் நடக்கும் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது. பக்கவாதம், உடம்பின் ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டன. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு தங்கை மகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சன்னலோரக் கட்டிலில் சாய்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா வாராவாரம் போவாள். ஒருநாள் தம்பியையும் கூட அழைத்துப் போனாள். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய செயலுள்ள கையைப் பிடித்துக்கொண்டு, சபைச் செய்தியெல்லாம் சொன்னாள். யார் வந்தார்கள், என்ன பாடினார்கள், கூரையின் ஒழுகல் எவ்வளவு மோசம் என்று. பிறகு குரலை இறக்கி, "நீங்க கவலைப்படாதீங்க. உங்களுக்காகவாவது இதை விடமாட்டோம். எல்லாரும் ஒரே பேச்சா சொல்லிட்டோம். நீங்க எழுந்து வர்ற அன்னைக்கு எல்லாம் அப்படியே இருக்கும்" என்றாள்.

தையல்காரர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினார். வாய் கோணியது, ஏதோ ஒரு சத்தம் வந்தது, சொல்லாக மாறவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினார்.

"பாருடா, விட்டுடாதீங்கன்னு சொல்றார்" என்று அக்கா தம்பியிடம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "இதோ பாருங்க அண்ணா, சத்தியமா விடமாட்டோம்."

ஒரு காலத்தில், வாய் பேசாத தம்பி எதைக் கேட்கிறான் என்று அவளுக்கு மட்டும்தான் விளங்கும். கண்ணாடிக்காரர் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. தண்ணீர் கொண்டுவர அக்கா உள்ளே போன நேரத்தில் அவர் கட்டில் பக்கம் குனிந்தார்.

"சொல்லிடட்டுமாண்ணே? நீங்க சரின்னு கண்ணைக் காட்டினா போதும். இப்பவே சொல்லிடறேன்."

தையல்காரர் அவரைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். அக்கா அங்கே அந்தத் தங்கை மகளிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். உங்க மாமா இன்னும் என்னை அதட்டுகிறார் என்கிற மாதிரி ஏதோ ஒன்று. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் குரல் பழையபடி கணீரென்று இருந்தது. தையல்காரரின் செயலுள்ள கை மெல்ல எழுந்து, கண்ணாடிக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தது. கத்திரிக்கோல் பிடித்து உரமேறிய கை. அது அழுத்திய அழுத்தத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்க வழியில்லை. வேண்டாம்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் டம்ளரோடு வந்தாள். அவர் வாங்கித் தையல்காரருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். வழிந்ததைத் துடைத்துவிட்டார். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

கேட்டைத் திறக்க ஆள் வேண்டுமே என்று சபையில் பேச்சு வந்தபோது, ஆள் கிடைக்கும்வரை நான் வருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். தன் சொந்தச் சபையை விட்டு, ஞாயிறுதோறும் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர ஆரம்பித்தார். மனைவி, கடையிலும் நாற்காலி, அங்கேயும் நாற்காலியா என்று கேட்டாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை. தேடியதாகவும் தெரியவில்லை. முதுகு வலிக்க ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலமே அவருக்கு மனசு சோர்ந்துவிடும். தன் சபையில், தன் பழைய இடத்தில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஞாயிறு சும்மா பாட்டுக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, அவர் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாத்திக்கொண்டிருந்தார். டைப் டீச்சர் ஆர்கனை மூடிவிட்டு, விரல்களை நீவியபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்கு ரொம்பச் சிரமமா இருக்கா? இருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த நாற்காலியோடு நின்றார். அவர் வாயைத் திறந்ததும் டீச்சரின் முகத்தில் ஒரு பயம் வந்து போனதைப் பார்த்தார்.

"அய்யோ, சிரமமா? இல்லவே இல்ல டீச்சர். எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா இதுதானே" என்றார்.

"அப்பாடா" என்று டீச்சர் சிரித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் அந்த நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.